மூன்றாவது டம்ளர்

கருவிக்குள் இருந்த ரேடியோ வால்வு எரிந்துபோனது யூஜினுக்கும் டாக்டர் ருக்மிணிக்கும் மட்டும்தான் தெரியும்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கமிட்டிக்குத் தெரியாது.

அகச்சிவப்பு வானியல் என்ற பெயரையே கமிட்டியில் பாதிப் பேர் அன்று காலைதான் முதன்முதலாகக் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வைத்து நிலவையும் நட்சத்திரங்களையும் படிப்பது என்று ருக்மிணி விளக்கினார். பட்டாளம் ஏலம்விட்ட சர்ச்லைட் கண்ணாடியை வாங்கி, ஜோகுபாளையத்து மெக்கானிக் யூஜினைக் கூட வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பாடுபட்டு அவர் செய்த கருவி அது. பெங்களூரின் புகையும் வெளிச்சமும் இனி அதற்கு ஒத்துவராது. மலைமேல் ஓர் இடம் வேண்டும். கமிட்டி சரியென்றால் மலை. இல்லையென்றால் கருவி பழைய இரும்புக் கடைக்கு, ருக்மிணி ஏதாவது பெண்கள் கல்லூரிக்கு.

டெல்லியிலிருந்து வந்த உறுப்பினர் சிரித்தார். "சூடா இருக்கான்னு பார்க்க இவ்வளவு பெரிய மெஷினா? தொட்டுப் பார்த்தா போதாதா?"

"நிலாவரைக்கும் உங்க கை எட்டும்னா எனக்கு மெஷினே வேண்டாம், சார்," என்றார் ருக்மிணி.

யூஜின் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டுப்போன கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

தலைவர் ஸ்ரீகண்டன் சமஸ்தானத்து உத்தியோகம் பார்த்துப் பழகியவர். கிரகணத்தின்போது நிலவின் சூடு மளமளவென்று இறங்கியதை அந்தக் கருவி ஒரு கோடாக வரைந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வைத்த காப்பி ஏடு கட்டிவிட்டது.

பிறகு அவரே ஒரு சோதனை சொன்னார்.

கறுப்புத் தாள் சுற்றிய நாலு டம்ளர். மூன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கொதிக்கிற வெந்நீர். எல்லாவற்றுக்கும் மேலே தட்டு. எதில் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கருவி எட்ட நின்றே கண்டுபிடிக்க வேண்டும். டம்ளர்களை அவர் வைத்து முடிக்கும்வரை மற்றவர்கள் வெளியே போக வேண்டும்.

நேற்றாக இருந்தால் அது சின்னப்பிள்ளை விளையாட்டு. அறையின் அந்தக் கோடியில் ஒருவர் உள்ளங்கையைக் காட்டினாலே கருவியின் மீட்டர் முள் துள்ளும். இன்றைக்கு வால்வு இல்லை. வேறு வால்வு மெட்ராஸிலிருந்து வர வேண்டும். கமிட்டி சாயங்கால ரயிலில் போய்விடும்.

வராந்தாவின் கோடியில் யூஜின் குரலைத் தாழ்த்தினான். "டாக்டரம்மா, ரிப்பேர்னு சொல்லிடலாம்மா."

"சொன்னா அந்த டெல்லிக்காரர் அப்பவே ஃபைலை மூடிடுவார். உங்ககிட்ட டார்ச் பேட்டரி இருக்கோன்னோ?"

இருந்தது.

"மேஜைக்கு அடியிலேருந்து முள்ளுக்கு ஒரு ஒயர் குடுங்கோ. நான் மூணாவது டம்ளருக்கு வரச்சே தொட்டுடுங்கோ."

"மூணாவதுதான்னு எப்படிம்மா தெரியும்?"

"முதல்லயும் கடைசிலயும் யாரும் ஒளிச்சு வெக்கமாட்டா. ரெண்டாவது அவசரக்காரா வெக்கறது. இவர் நிதானமான மனுஷர். மூணுதான்."

ஏதோ வானசாஸ்திரத்தில் நிரூபிக்கப்பட்ட விஷயம்போல அதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

திருகாணி இறுக்குகிற சாக்கில் யூஜின் மேஜைக்கு அடியில் புகுந்தான். வியர்வையில் பேட்டரி கையில் வழுக்கியது.

ருக்மிணி கருவியின் வாயை முதல் டம்ளர் பக்கம் திருப்பினார். முள் தூங்கியது. இரண்டாவது. அசையவில்லை. மூன்றாவதற்கு வந்ததும் யூஜின் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஒயரைத் தொட்டான்.

முள் எகிறிப் போய் ஓரத்தில் முட்டியது. கொஞ்சம் அதிகம்தான்.

"இதுதான்," என்றார் ருக்மிணி. குரலில் நடுக்கமே இல்லை.

டெல்லிக்காரர் எழுந்து டம்ளரைத் தொடக் கையை நீட்டினார். அதற்குள் ஸ்ரீகண்டன் முந்திக்கொண்டு அதைப் பிடித்தார்.

"ஸ்ஸ்... அப்பப்பா!" என்று கையை உதறி, காது மடலைப் பிடித்துக்கொண்டார். "தொடாதேங்கோ ஓய், கை பொத்துப்போயிடும்!"

டெல்லிக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆயித்து," என்று கன்னடத்தில் முடித்துவிட்டு, ஸ்ரீகண்டன் பேனாவைத் திறந்தார்.

மலை கிடைத்தது. அந்த மலையில் ருக்மிணி எடுத்த அளவுகளை வெளிநாட்டுப் புத்தகங்கள், அவர் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சடித்தாவது, வருஷா வருஷம் மேற்கோள் காட்டின. அவருடைய அளவில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க எத்தனையோ பேர் முயன்றார்கள், முடியவில்லை. அதெல்லாம் பின்னால்.

அன்று எல்லாரும் எழுந்து படியிறங்கினார்கள். அவர்களை வழியனுப்பப் போன ருக்மிணி வாசலில் திரும்பி, யூஜினுக்கு மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். முகம் கொள்ளாத சிரிப்பு.

யூஜின் டம்ளர்களை எடுத்துவைக்கப் போனான். சுடுமே என்று கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூன்றாவதை எடுத்தான். சூடே தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்துவிட்டுத் தொட்டான்.

பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது.

இரண்டாவதைத் தொட்டான். சில். நாலாவதும் சில்.

முதலாவது விரலைச் சுட்டுவிட்டது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். கீழே கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். டெல்லிக்காரர் நன்றாகப் பார்க்கட்டும் என்று, ஸ்ரீகண்டன் தன் விரல்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தார்.