மூன்றாம் அறையின் பூட்டு

“மூணாம் நம்பர்ல யாரு? பூட்டிக் கிடக்கு?”

கணக்கெடுக்க வந்த மேடம் பேனாவால் பூட்டைத் தட்டினார்.

வரிசையாக ஆறு அறை, எல்லோருக்கும் ஒரே குழாய். ஆலை மூடி ஐந்து மாதம் ஆகிறது. ஆறு வீட்டிலும் அடுப்பு எரிவது ஒரு வேளைதான். மாதாமாதம் அரசாங்கம் தரப்போகும் உதவித்தொகைக்கு வீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்திருக்கிறார். டி.வி., ஃபிரிட்ஜ் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் பெயரை அடித்துவிடுவார்.

மற்ற ஐந்து வீட்டிலும் ஒன்றும் இல்லை. ஐந்துக்கும் கையெழுத்து ஆகிவிட்டது.

“ஹோட்டல்ல பாத்திரம் கழுவிட்டிருந்தவ மேடம். ஹோட்டலையும் மூடிட்டாங்க,” என்றாள் முதல் அறை டிரைவர் மனைவி. “ரெண்டு புள்ளைங்க. புருஷன் இல்ல.”

“இன்னிக்கு வருவோம்னு சொல்லியிருந்தோமே!”

“சொன்னா? அவ கால் வீட்டுல எங்க தங்குது?”

“பொறுப்புன்னா என்ன விலைன்னு கேப்பா மேடம்,” என்றாள் பக்கத்து அறைக்காரி. யாரோ சிரித்தார்கள்.

“போன் போட்டு வரச் சொல்லுங்க.”

“போனை வித்துத் தின்னாச்சு போன மாசமே.”

மேடம் நிமிர்ந்தார். “அப்படின்னா இவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். சாவி யார்கிட்டயாவது இருக்கா? ஒரு நிமிஷம் திறந்து காட்டுங்க, வாசல்ல நின்னே பார்த்துட்டுப் போட்டுடறேன். லிஸ்ட் இன்னியோட முடியுது.”



“அக்கா…” என்று கடைசி அறைத் தையல்காரி டிரைவர் மனைவியின் முழங்கையைத் தொட்டாள்.

“நீ சும்மா இரு. குழந்தை அழுவுது பாரு, போ.” மேடம் பக்கம் திரும்பினாள். “எங்களை நம்பிச் சாவி கொடுக்கிற ஆளா மேடம் அவ?”

மேடம் கால் மணி நேரம் வெயிலில் நின்று பார்த்தார். அப்புறம், ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதி, பெயரின் மேல் கோடு போட்டுவிட்டு வண்டி ஏறினார்.

வண்டி திருப்பம் தாண்டியதும் டிரைவர் மனைவி மூடியிருந்த கையை விரித்தாள். சாவி.

கதவைத் திறந்ததும் ஆளாளுக்கு உள்ளே பாய்ந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு டி.வி., சுவரோரம் ரெண்டு ஃபிரிட்ஜ்.

“ஏய், என் ஃபிரிட்ஜைப் பார்த்துத் தூக்குங்கப்பா. விக்கப் போனா வாங்க நாதியில்ல, அதுக்காக உடைச்சுடாதீங்க!”

“அவ வந்து கேட்டா என்னக்கா சொல்றது?” தையல்காரி கேட்டாள். “புள்ளைங்களைக் கூட்டிட்டுப் பார்க்குல போய் உட்காரு, உனக்கும் சேர்த்து நாங்க பேசிக்கறோம்னு சொல்லித்தானே சாவியை வாங்கினோம்?”

“திறந்து காட்டியிருந்தா அஞ்சு வீட்டுப் பேரும் போயிருக்கும். உன் பேரும்தான்! பரவாயில்லன்னா இப்பவே ஓடிப்போய்ச் சொல்லு.”

தையல்காரி தன் டி.வி.யைத் தூக்கிக்கொண்டாள்.

எல்லாம் வெளியேறிய பிறகு உள்ளே மிஞ்சியது ஒரு பாய், ஒரு பானை, ரெண்டு தட்டு.

ஆறு அறையில் அதுதான் காலி, அத்தனை சாமானும் அங்கேதான் கொள்ளும் என்று, காலையில் எல்லோரும் சேர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த அறை அது.