பெட்டியைத் திறக்காதீங்க

"யாரும் பெட்டியைத் திறக்காதீங்க. நாற்பது நிமிஷம் ஆகட்டும்."

இசைப் பள்ளியின் வாத்தியங்களைப் பராமரிக்கும் அம்மாள் சொன்னதும் காத்திருந்தவர்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. எப்போதும் கழுத்தில் ஒரு வெப்பமானி தொங்குவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டிகிரியம்மா.

பள்ளியில் வயலினுக்குக் காலியாக இருந்தது ஒரே இடம். அதற்கு ஐந்து பேர் போட்டி. தேர்வு ஒன்பது மணிக்கு. மணி ஒன்பதாகி இரண்டு நிமிடம்.

"எதுக்கு நாற்பது நிமிஷம்?" என்று கேட்டார், மகனோடு வந்திருந்த ஒரு தாய்.

"வெளியே மூணு டிகிரி. உள்ளே இருபத்திரண்டு. குளிர்ல இருந்து வந்தது எதுவா இருந்தாலும் அறைச் சூட்டுக்குப் பழகணும். அவசரப்பட்டா சுருதி நிக்காது. மரமும் விரிசல் விடும்."

"எங்க வயலின் ஹீட்டர் போட்ட கார்லதான் வந்துச்சு. அதுக்கு முன் சீட்டு. நான் பின்னாடி உட்கார்ந்து வந்தேன்."

"ரொம்ப நல்லது. அப்பவும் நாற்பது நிமிஷம்தான்."

அந்தத் தாய் சுற்றிலும் பார்த்தார். மூலையில், ஹீட்டரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் ஒரு சிறுமி. மடியில் பழைய வயலின் பெட்டி. அதன்மேல் இரண்டு கைகள்.

"சூடு ஏறுதான்னு பார்த்துக்கிட்டே இரு. உள்ளங்கையால மட்டும் இல்ல, புறங்கையாலயும் பார்க்கணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார் டிகிரியம்மா.

"உன் நம்பர் என்னம்மா?" என்று சிறுமியிடம் கேட்டார் அந்தத் தாய்.

"ஒண்ணு, ஆன்ட்டி."

தாய் மகனிடம் திரும்பினார். "பார்த்தியா? முதல்ல வாசிக்க வேண்டியவ இவ. இவ வயலின் சில்லுனு வந்திருக்கு. அது குளிர் காஞ்சு எந்திரிக்கிற வரைக்கும் நாம எல்லாரும் காவல்."

"விடும்மா" என்றான் மகன்.

தேர்வாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா?"

"வாத்தியம் இன்னும் தயாராகல சார்" என்றார் டிகிரியம்மா.

"வாத்தியம் விஷயத்துல உங்க பேச்சுக்கு மறுபேச்சு ஏது" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்பது நிமிடம் ஆனது. டிகிரியம்மா சிறுமியிடம் போய்க் குனிந்து பார்த்தார். "இப்ப சரி. பெட்டியை நாற்காலியிலேயே வெச்சுட்டு நீ உள்ளே போ. வயலினை நான் கொண்டு வரேன்."

இருவரும் உள்ளே போனார்கள். பெட்டி ஹீட்டர் பக்கத்திலேயே கிடந்தது.

"மரம் விரிசல் விடும்னு நமக்குப் பாடம் நடத்திட்டு, இவங்க பெட்டியை மட்டும் ஹீட்டர்ல சுடப் போட்டிருக்காங்க" என்றபடி தாய் அதைத் தள்ளி வைக்கத் தூக்கினார். தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது. மூடி திறந்து, சில துணிகள் கீழே விழுந்தன.

உள்ளே வயலின் வைக்க இடமே இல்லை. தூசி துடைக்கும் துணிகள், அறுந்த தந்திகள், மூன்று பழைய வருகைப் பதிவேடுகள்.

திரும்பி வந்த டிகிரியம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது? அப்ப அந்தப் பொண்ணோட வயலின்?" என்று கேட்டார் தாய்.

"அவளுக்குச் சொந்தமா வயலின் கிடையாது. இப்ப வாசிக்கிறது பள்ளிக்கூடத்து வயலின். ராத்திரி பூரா உள் அலமாரியில, இருபத்திரண்டு டிகிரியிலதான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு எங்களை நாற்பது நிமிஷம் உட்கார வெச்சீங்க?"

டிகிரியம்மா கீழே விழுந்த துணிகளைப் பொறுக்கினார்.

"முப்பது கிலோமீட்டர், அப்பாவோட ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து வந்திருக்கா. வீட்டுல ஒரே ஜோடி கையுறை. 'அப்பாதானே வண்டி ஓட்டணும்'னு அவருக்குப் போட்டு விட்டுட்டாளாம். வந்ததும் கையெழுத்துப் போடச் சொன்னேன். விரல் பேனாவைப் பிடிக்கல."

உள்ளேயிருந்து வயலின் ஒலித்தது. ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

அந்தத் தாய் துணிகளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். மூடியை அழுத்திச் சாத்தி, முன்பு இருந்த நாற்காலியிலேயே அதை வைத்தார்.

"நான் முதல்லயே சொன்னேனே" என்றார் டிகிரியம்மா. "குளிர்ல இருந்து வந்தது எதுவா இருந்தாலும்னு."