வேனுக்கு எதிராக ஒரு ஓட்டு

நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் மாவட்ட வேனை நிறுத்திவிடுவது என்று முடிவாகிவிட்டது. மூன்று பேர் கொண்ட மாவட்ட மன்றத்தில் ஒருவர் வேன் வேண்டும் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். மூன்றாவது ஆளான டெல்பர்ட் க்ராட்ஸ் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, வேண்டாம் என்று கை தூக்கினார்.

முன்வரிசையில் இருந்த லாடோனாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. போன மூன்று வருஷமும் இதே ஆகஸ்ட் கூட்டத்தில் வேனைக் காப்பாற்றியவரே டெல்பர்ட்தான்.

கான்சஸின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் மாவட்டம். கோதுமைக்கும் காற்றுக்கும் குறைவில்லை. டயாலிசிஸ் செய்ய மட்டும் எழுபது மைல் போகவேண்டும். லாடோனாவின் கணவர் வெண்டலுக்கு அது வாரத்துக்கு மூன்று முறை. லாடோனாவுக்குப் பார்வை மங்கி, வண்டியே ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு நாள் ஓட்டுவார்கள், இரண்டு நாள் ஓட்டுவார்கள். வருஷம் முழுக்க யாரால் முடியும்? வேன் இருப்பதால்தான் வெண்டல் உயிரோடு இருக்கிறார். அது டிசம்பர் கடைசிவரைதான் ஓடும்.

"நீயும் அவரும் ஸ்கூல்ல ஒரே டீம்ல ஆடினவங்க, டெல்பர்ட்" என்றாள் லாடோனா. "ஜனவரியில அவரை எதுல ஏத்தி அனுப்பறது? அதையும் நீயே சொல்லிடு."

டெல்பர்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரோடு, ஜெயில், ஷெரீப் போலீஸ், இதெல்லாம் மாவட்டம் செஞ்சே ஆகணும். வேன் அப்படி இல்ல. இஷ்டப்பட்டா செய்யலாம்னுதான் சட்டம் சொல்லுது. இந்த வருஷம் எனக்கு இஷ்டம் இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஜனங்களுக்கு வேணும்னா வேனுக்குன்னு தனியா ஒரு வரி போட்டுக்கட்டும். நூத்தி நாப்பது பேர் கையெழுத்து வாங்கிட்டு வா, நவம்பர் தேர்தல்ல ஓட்டுக்கு விடலாம். ஆனா இந்த ஊர்ல வரிக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பில்லை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகி, வகுப்பறைகளில் பிள்ளைகள் வாளி வைத்திருந்த காலத்திலேயே மூன்று தடவை வரியைத் தோற்கடித்த ஊர் இது. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே லாடோனா காகிதமும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாங்கள் ஆளுக்கொரு நாள் வண்டி ஓட்டினோம். முதலில் போனது கிழவர் எமில் வீட்டுக்கு. பள்ளிக் கூரைக்கு எதிராக மூன்று தடவையும் ஓட்டுப் போட்ட புண்ணியவான். வேனைப் பற்றி லாடோனா ஆரம்பித்ததுமே கையை நீட்டினார்.

"வரிக்காகப் போடறேன்னு நினைச்சுக்காத. டெல்பர்ட் மூஞ்சியில கரி பூசணும். பேனாவைக் குடு."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். வரி எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டெல்பர்ட்டா அப்படிச் சொன்னான் என்றுதான் கேட்டார்கள். ஒன்பதே நாளில் முந்நூறு கையெழுத்து தாண்டிவிட்டது.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்வோம். வேண்டியவரா வேண்டாதவரா என்று பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு டெல்பர்ட்டுக்கு மட்டும் யாரும் விரல் உயர்த்தவில்லை. அவர் பாட்டுக்கு எல்லாருக்கும் உயர்த்திக்கொண்டு போவார். சர்ச் விருந்தில், எட்டுப் பேர் உட்காரும் மேஜையில் அவரும் மனைவியும் மட்டும் சாப்பிட்டார்கள். நானும்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனேன். பொய் சொல்வானேன்?

நவம்பரில் வேன் வரி அமோகமாக ஜெயித்தது. அதே தேர்தலில் நின்ற டெல்பர்ட் படுதோல்வி. பதினாறு வருஷப் பதவி ஒரே நாளில் போயிற்று.

மறுவாரம் லாடோனா செர்ரிப் பழம் வைத்து ஒரு பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு, என் வண்டியில் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தாள். கையெழுத்துகளைச் சரிபார்த்து, தேர்தலையும் நடத்திய எழுத்தர் கார்லீனுக்கு நன்றி சொல்ல.

"என்னமா பேசினான் அன்னைக்கு! இப்ப வீட்டுல உக்காந்திருக்கான். நல்லா வேணும்" என்றாள் லாடோனா.

கார்லீன் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். தேர்தல் முடிவில் முத்திரை விழும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று டெல்பர்ட் தன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இனிமேல் சொல்லலாம் என்றாள்.

ஜூலை மாதமே டெல்பர்ட் அவளைத் தேடி வந்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் வேன் ஒரே ஓட்டில்தான் தப்பிக்கிறது, தனக்குப் பிறகு வருகிறவன் நிறுத்திவிட்டால் வெண்டல் கதி என்ன என்று கவலைப்பட்டிருக்கிறார். ஜனங்களே ஓட்டுப் போட்டு வரி கொண்டுவந்துவிட்டால், எந்த மன்றமும் அதில் கை வைக்க முடியாதாம்.

லாடோனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார, கார்லீன் தொடர்ந்தாள்.

"'நானே வீடு வீடாப் போய் இந்த வரிக்கு ஆதரவு கேட்டா ஜெயிக்குமா?'ன்னார். இந்த ஊர்லயா, நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காதுன்னேன். எழுந்து வாசல் வரைக்கும் போனவர், திரும்பி வந்தார்."

"அப்புறம்?"

"'சரி, நான் எதிர்த்தா?'ன்னு கேட்டார்."