பங்குனியிலும் வற்றாத தெரு

ரெத்தினம் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். வரப்பு உடைந்தது. மேட்டுக் காலிமனையில் கிடந்த கறுத்த தண்ணீர் பொன்னி நகர் நாலாம் தெருவுக்குள் பாய்ந்து, முதலில் அவர் வீட்டு வாசலைத்தான் தொட்டது.

“அண்ணே, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?” எதிர்வீட்டு லூர்துராஜ் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “நேத்து சாயங்காலம்தானே கார்ப்பரேஷன் ஆளுங்க மோட்டார் வச்சு தெருத்தண்ணிய அந்தப் பக்கம் இறைச்சுவிட்டுட்டுப் போனாங்க?”

“ஏன் இறைச்சானுங்க? இன்னிக்கு அதிகாரிங்க வர்றாங்க, அதான். எப்ப வந்தாலும் இதே கூத்து. தண்ணிய இறைச்சுட்டு ரெண்டு ஓரமும் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிடுவானுங்க. வர்றவன் வண்டிக்குள்ள இருந்தே பாப்பான், தெரு சுத்தமா இருக்கேம்பான், போயிடுவான். வடிகால் பணம் அடுத்த தெருவுக்குப் போயிடும். இந்தத் தடவை வர்றவன் காலு நனையட்டும்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. மெயின் ரோட்டைப் புதுசாகப் போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே போட்டார்கள். ரோடு ஏற ஏறத் தெரு பள்ளத்தில் இறங்கியது. பூதலூர் நிலத்தை விற்றுக் கட்டிய வீடு. ஐப்பசி பிறந்தால் கட்டிலுக்கடியில் தண்ணீர். தெருவுக்கு ஒரு மழைநீர் வடிகால் வந்துவிட்டால், மகனுக்கு வீடென்று ஒன்றை விட்டுப் போகலாம். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கவுன்சிலரின் ஆள் சொல்லிவிட்டுப் போனது ஒரு வரிதான். “மழைத்தண்ணி விஷயமா பாக்க வர்றாங்க.”

“யாரு என்ன கேட்டாலும் ஒண்ணைப் பத்தாச் சொல்லுங்க,” என்று தெருவுக்கே பாடம் எடுத்தார் ரெத்தினம். “பத்து சொன்னாத்தான் அதிகாரி காதுல ஒண்ணு ஏறும்.”

மருமகள் வானதி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். “உள்ளத மட்டும் சொல்லுங்க மாமா. தை பொறந்தா வடிஞ்சிடுதுல்ல?”

“நீ சும்மா இரு. உள்ளதச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமா மிதக்குறோம்.”

ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நேராக நடந்து வந்தார். பிறந்ததிலிருந்து எந்த அதிகாரியையும் நம்பாத ரெத்தினமே கொஞ்சம் ஆடிப்போனார். இந்தம்மாவை நம்பலாம் போலிருந்தது.

“எத்தனை நாளா தண்ணி நிக்குது பெரியவரே?”

“எந்நாளும் நிக்குதும்மா. பங்குனி வெயில்லகூட வத்தாது.”

“புது ஆத்துல தண்ணி வராத வருஷம்?”

“அப்பவும் நிக்கும். புது ஆறு காஞ்சு கெடந்த வருஷங்கூட இங்க மாடு குளிப்பாட்டுனாங்க.”

“மீனெல்லாம் உண்டா?”

“விரால் துள்ளும் மேடம்,” என்று லூர்துராஜ் தன் பங்கைப் போட்டார். “கறி தொடாத தவக்காலத்துலகூட எங்க வீட்ல மீன் கடைப் பக்கமே போறதில்ல.”

அந்தம்மா சிரித்துவிட்டார். வானதி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

“எந்தப் பக்கத்துத் தண்ணிங்க இது?”

“நாலு பக்கத்துத் தண்ணியும் இங்கதாம்மா வந்து விழும். நாங்க வீடு கட்டுறதுக்கு முன்னாலயே அப்படித்தான்.”

“நீங்களே பாத்திருக்கீங்களா?”

“இந்தக் கண்ணால பாத்தேன். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்.”

கூட வந்த சர்வேயர் டேப்பை இழுத்தான். தெருவின் நீளத்தை அவன் அளக்கவில்லை. வீடுகளுக்குப் பின்னால் போய், கொல்லைகளையெல்லாம் வளைத்துச் சுற்றிக்கொண்டு, மறுபடி ஜீப்புக்கே வந்து சேர்ந்தான். ரோடு அளக்கத் தெரியாதவனுக்கெல்லாம் சம்பளம் என்று ரெத்தினம் முணுமுணுத்தார். ஆனால் அவனே சிவப்புப் பெயிண்டை எடுத்து அவர் வீட்டுச் சுவரில் ஓர் அம்புக்குறி போட்டபோது அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“பாத்தியா வானதி? வேலை நம்ம வீட்ல இருந்துதான் ஆரம்பம்!”

தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தம்மாவிடம் போனார். “வடிகால் எவ்வளவு அகலம்மா வரும்?”

“வடிகாலா? அதுக்கு இந்த வருஷம் பணமே ஒதுக்கலீங்களே. மழைத்தண்ணிய வெளியே விடாம ஊருக்குள்ளயே தேக்குறதுக்குத்தான் பணம் வந்திருக்கு.” அந்தம்மா போனைக் காதில் வைத்தார். “சார், காணாமப்போன குளத்தைத் தேடிக்கிட்டிருந்தோமே, கிடைச்சிருச்சு. சாட்சி சொல்லவும் பெரியவர் ஒருத்தர் இருக்காரு.”

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அந்தம்மா ரெத்தினத்தின் வீட்டை அடியிலிருந்து மொட்டைமாடி வரை ஒருமுறை பார்த்தார்.

“ஆமா சார், குளத்துக்குள்ள கொஞ்சம் வீடுங்க நிக்குது, இடிச்சிடலாம்.”