நாற்பத்தைந்தாவது பிளக்-இன்

பரமசிவம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். பிறகு அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலையில வந்து ஒருதரம் பாத்துரு. லிஸ்ட் சரியா இருந்தா லெட்டரை வாங்கிட்டுப் போயிட்டே இரு."

இதே வாக்கியத்தைப் போன மூன்று சனிக்கிழமையும் ஜோதிமணி கேட்டுவிட்டாள். ஆனால் இந்தத் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவள் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில், புதுக் கம்பெனியில் இருந்தாக வேண்டும். இரண்டு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்தவர்கள், ரிலீவிங் லெட்டர் இல்லாமல் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓசூர் சிப்காட்டில் பரமசிவம் நடத்துவது பாதுகாப்பு ஷூ, கையுறை, ஹெல்மெட் விற்கும் கடை. பாதி வியாபாரம் ஆன்லைனில் நடக்கிறது. அந்த ஆன்லைன் கடையை ஆறு வருடமாக ஜோதிமணிதான் பார்த்துக்கொள்கிறாள்.

கூரியர் செலவு காட்ட ஒன்று, தள்ளுபடிக்கு ஒன்று, வாட்ஸ்அப்பில் தகவல் சொல்ல ஒன்று என்று கடையின் மென்பொருளில் பிளக்-இன்கள் என்ற ஒட்டு நிரல்கள் ஏறிக்கொண்டே போயின. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால், எப்போதோ போட்டு மறந்த பரிசுச் சக்கரம் ஒன்று இன்னொரு பிளக்-இன்னோடு மோதி, இரண்டு நாள் ஒருவராலும் ஆர்டர் போட முடியவில்லை.

அன்று பிடித்த பயம் பரமசிவத்தை விடவில்லை. ஜோதிமணி ராஜினாமா கொடுத்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எத்தனை பிளக்-இன், எது என்ன வேலை செய்கிறது, எதை எடுத்தால் எது நிற்கும் என்று முழுப் பட்டியல் வேண்டும். பட்டியலும் கடையும் ஒத்துப்போகிற அன்று கடிதம்.

இரண்டே வாரத்தில் முடித்தாள். நாற்பத்தொன்று. சனிக்கிழமை சரியாக இருந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் நாற்பத்திரண்டு. திரையில் பாதுகாப்பு ஷூ படங்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

உடனே பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, பரமசிவத்திடம் மட்டும் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை நாற்பத்துமூன்று. அதற்கடுத்த வாரம் நாற்பத்துநான்கு. எல்லாமே ஞாயிறு காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஏறியிருந்தன. தெரியாமல் எடுத்தால் கடை மறுபடியும் நின்றுவிடும் என்று பரமசிவம் எதையும் எடுக்க விடவில்லை. ஒவ்வொன்றும் எதோடு மோதுகிறது என்று சோதித்து எழுத ஒவ்வொரு வாரம் போயிற்று.

புது வேலைக்குப் போவதைப் பற்றிக் கணவன் வெங்கட் ஒன்றும் சொன்னதில்லை. உன் இஷ்டம் என்றான், அவ்வளவுதான். அவனுக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. போன ஞாயிறு காலை, கோழியைக் கழுவிக்கொண்டே அவள் புலம்பினாள். அவன் பாயில் படுத்து, கடை ஆர்டர்களை அவள் பார்க்கும் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க மொதலாளி உன்ன விடமாட்டாரு ஜோதி. வேணா பாரு," என்றான்.

அது இப்போது அவள் காதில் ஒலித்தது. டிராயரைப் பூட்டிய பிறகும் அவள் நகரவில்லை.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா அதைப் போடறது நீங்கதானே?"

பரமசிவம் கண்ணாடியைக் கழற்றினார். ஓசூருக்கு வந்து முப்பது வருடம் ஆனாலும் மனசு நொந்தால் அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு திரும்பிவிடும்.

"நான் என்னத்தம்மா போடுதேன்?"

"பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருகிட்டதான் சார் இருக்குது."

அவர் டிராயரைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அடித்த இரண்டு பின்களும் அப்படியே இருந்தன. மடிப்பின் மேல் அவள் போட்ட கையெழுத்து பிரியவில்லை.

"நீ குடுத்த அன்னைக்கு வச்சது. பிரிச்சுப் பாத்தாலும் எனக்கு என்ன வெளங்கப்போவுது?"

ஜோதிமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டாள். அவர் உறையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடிதத்தையும் எடுத்து நீட்டினார்.

"சந்தேகம் வந்தபொறவு ஒரே கடையில உக்காரப்படாது. திங்கக்கிழமை வர வேண்டாம். நல்லா இரு தாயி."

ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டுக் கடிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவர் இல்லையென்றால் வேறு யார் என்று நினைக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய உத்தனப்பள்ளி வரும்வரை விடை கிடைக்காமல், போகட்டும் என்று விட்டுவிட்டாள். இனி அது அவளுடைய கடை இல்லை.

வீட்டு வாசலில் வெங்கட் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கடிதத்தை நீட்டினாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முத்திரையையும் கையெழுத்தையும் தேதியையும் அவன் இரண்டு முறை பார்த்தான்.

"அதெப்படி?" என்றான். "இன்னும் ஞாயித்துக்கிழமையே வரலையே."