யார் பேரு முதல்ல?

"உக்காருங்க, உக்காருங்க! அந்தப் பேச்சையெல்லாம் வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம். அங்க நின்னுக்கிட்டிருக்கிற மகராசன் யாரு? உக்காருப்பா, மறைக்குது!"

மீசைக்காரர் மேஜையைத் தட்டினாரு. சத்தம் அடங்கல. கண்ணாடிக்காரர் எந்திரிச்சு அவரும் ஒரு தட்டு தட்டினாரு. கப்புனு அடங்கிடுச்சு. பின்ன? இவங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையைத் தட்டி யாரு பாத்தா?

மண்டபத்துல இடது பெஞ்செல்லாம் மீசைக்காரர் ஆளுங்களுக்கு. வலது பெஞ்செல்லாம் கண்ணாடிக்காரர் ஆளுங்களுக்கு. சாமி கும்பிடற முறை வேற, ஓட்டுப் போடற சின்னம் வேற. நடுவுல இருக்கிற வழியை எந்தப் பக்கம் கூட்டறதுங்கிற சண்டையில மட்டும் போலீசு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருக்கு.

டெய்லர் இடது பக்கம் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தான். கழுத்துல கிடந்த டேப்பைக் கழட்ட மறந்து அப்படியே வந்துட்டான். அவன்கூட ஒம்பது வருசமா குடும்பம் நடத்தற ஆஸ்பத்திரி நர்சு, அவனும் ஆம்பளைதான், வலது பக்கம் கடைசி பெஞ்சுல. வீட்ல ஒரே பாய், மண்டபத்துல ஆளுக்கொரு பக்கம். அதான் அங்க சட்டம்.

"விஷயம் ஒண்ணுதான்," மீசைக்காரர் தொண்டையைச் செருமினாரு. "மண்டபத்து முன்னறையில தையல் கடை. பின்னாடி ஒரு ரூமு. அந்த ரூமுல இவங்க ரெண்டு பேரும்... வந்து... இருக்காங்க."

"இருக்காங்கன்னா?"

"இருக்காங்கன்னா இருக்காங்கய்யா! படம் வரைஞ்சா காட்டணும்? பக்தியா வந்து போற இடம். தேர்தலுக்கு முன்னாடி காலி பண்ணியாகணும்."

இடது பெஞ்சுல டெய்லரோட பெரியம்மா மூக்கைச் சிந்தினாங்க. "ஆம்பளையும் ஆம்பளையுமா, அது கிடக்கட்டும். போயும் போயும் அந்தப் பக்கத்துப் பையனா இவனுக்குக் கிடைச்சான்?"

வலது பக்கம் நின்னுக்கிட்டிருந்த மகராசனுக்குச் சுருக்குன்னுச்சு. "எங்க பையனுக்கு என்ன குறைச்சல்? உங்க டெய்லர் தச்ச பேன்ட்டுல உக்காரவே முடியல. அதான் வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்!"

எல்லாரும் சிரிச்சாங்க. டெய்லருக்குச் சிரிப்பு வரல. இந்த விஷயத்துக்கு இது நாலாவது கூட்டம். நர்சு ஏற்கனவே மூணு வீடு பாத்துட்டு வந்துட்டான். மூணு இடத்துலயும் ஒரே கேள்வி: "ரெண்டு பேரும் என்ன உறவு?" தையல் மெஷினைத் தலையில தூக்கிக்கிட்டு எங்க போறது? என்னத்தையோ பண்ணித் தொலைங்க, தூங்கவாவது விடுங்கன்னு ஆயிடுச்சு அவனுக்கு.

அதுலயும் அவனுக்கு எரிச்சல் எல்லாம் எழுத்தர் அக்கா மேலதான். நடுவழியில ஸ்டூலைப் போட்டு, மடியில மண்டபத்து நோட்டை வச்சுக்கிட்டு கம்முனு உக்காந்திருந்தாங்க. ரெண்டு பக்கத்துலயும் சேராத ஆளு, வாயைத் திறக்காத ஆளு. அதனாலதான் அந்த வேலையே. மீசை சொன்னா எழுதுவாங்க, கண்ணாடி சொன்னாலும் எழுதுவாங்க. நம்மள நடுத்தெருவுல விடறதையும் முத்து முத்தா எழுதத்தான் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டான்.

"சம்மதம்னா கை தூக்குங்க!"

இடது பெஞ்சு தூக்குச்சு. வலது பெஞ்சும் தூக்குச்சு. மீசைக்காரருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "பத்தொம்பது வருசம்! ஒரு தீர்மானம் நிறைவேறினதில்ல. இன்னிக்குத்தான் நாம ஒத்துமையானோம். எழுதிக்கோம்மா, ஏகமனதா."

அக்கா பேனாவைத் தூக்கினாங்க. அப்புறம் கீழ வச்சாங்க.

"கொண்டு வந்தவர்னு யார் பேரை முதல்ல எழுதட்டும்?"

"என் பேரைத்தான்!" ரெண்டு குரல், ஒரே நேரத்துல.

"யோவ், மேஜையை முதல்ல தட்டினது நானு!"

"தட்டினீரு, எவன் அடங்கினான்? நான் தட்டின பிறகுதானே அடங்கினாங்க!"

"பண்பாட்டைக் காப்பாத்தினது நாங்கன்னு நோட்டீசு போடப்போறோம். எங்க பேருதான் முதல்ல வரணும்!"

"நீ இனிமேத்தான் போடப்போற. எங்க நோட்டீசு நேத்தே அச்சாயிடுச்சு!"

"கூட்டம் நடக்கறதுக்கு முன்னாடியேவா? கையைக் கீழ போடுங்கடா!"

"எங்க கையும் கீழதான்!"

மீசைக்காரருக்கு மூச்சு வாங்குச்சு. "டெய்லர் எங்க ஆளு. அவனைக் காலி பண்ணச் சொல்ல நீ யாருய்யா?"

"நர்சு எங்க பையன். தைரியமிருந்தா அவன் சாமான்ல கை வச்சுப் பாரு!"

பெஞ்சு உருண்டுச்சு. இந்தப் பக்கம் இந்தக் கதவு வழியா, அந்தப் பக்கம் அந்தக் கதவு வழியா, மண்டபம் காலி. போற போக்குல மீசைக்காரர் அக்கா மேல பாஞ்சாரு. "இத்தனை வருசமா எழுதற, ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியல. நீயெல்லாம் ஒரு எழுத்தரு!"

அக்கா பேனாவுக்கு மூடியைப் போட்டாங்க.

நர்சு உருண்ட பெஞ்சையெல்லாம் நிமித்திப் போட்டான். டெய்லர் அலுப்போட அக்கா பக்கத்துல வந்து நின்னான்.

"இன்னிக்குத் தப்பிச்சோம்க்கா. அடுத்த மாசம் திரும்பக் கூடுவாங்க. பேரு எழுதற முறை என்னன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க. சட்டுபுட்டுனு முடிஞ்சிரும். எங்களுக்கும் அலுத்துப் போச்சு."

அக்கா நோட்டை மூடி இடுப்புல வச்சுக்கிட்டாங்க.

"ஒரு கூட்டத்துக்கு இடது பக்கம் முதல்ல, அடுத்ததுக்கு வலது பக்கம் முதல்ல. நோட்டுல முதல் பக்கத்துல அதை எழுதினதே நான்தான் தம்பி. அடுத்த மாசமும் மறந்துருவேன். நீ போய் அந்த மனுசன் பேன்ட்டைப் பிரிச்சுத் தைச்சுக் குடு."