கைக்கெட்டும் உயரம்

“தாராளமா இடிச்சுக்கோங்க. எனக்கென்ன வருத்தம்?” என்றாள் பாக்கியமேரி.

திருச்சி மாணவியர் விடுதியில் அன்று அவள் கணவரின் படத்திறப்பு. கட்டட நிபுணர் சவரிமுத்து காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த விடுதிக்கு வரைபடம் போட்டுக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

விடுதியை நடத்தும் சங்கத்தின் தலைவி கோதைநாயகி ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்காவில் வந்து இறங்கியதுமே அவளைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். சமையலறைச் சுவரில் இருக்கும் கல் தட்டுகளை இடித்துவிட்டு, கொஞ்சம் உயரமாக வைக்கப் போகிறார்களாம்.

“உங்க ஆத்துக்காரர் கட்டினதாச்சே. உங்களை ஒரு வார்த்தை கேக்காம தொடப்படாதுன்னு நினைச்சேன், மேரியம்மா.”

“எனக்கா கட்டினார்? ஊருக்குக் கட்டினார். ஊரே இடிச்சுக்கட்டும்!”

கூட்டம் ஆரம்பித்தது. பேசினவர்கள் எல்லாரும் சவரிமுத்துவைப் புகழ்ந்தார்கள். தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி என்று ஊர்க் காரியம் எதற்குக் கூப்பிட்டாலும் ஓடி வந்தவர்.

“நான் இன்னிக்குக் குடியிருக்கிற வீடு அவர் போட்ட பிச்சை!” என்றார் ஒருவர். கைதட்டல் எழுந்தது.

பாக்கியமேரிக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் அவளை மேலப்புதூரில் ஒரு வாடகை வீட்டிலேயே வைத்திருந்தார். அங்கே புளிப்பானையை எடுக்க முக்காலி மேல் ஏற வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விடமாட்டார்.

ஒருநாள் முக்காலியிலிருந்து விழுந்து கால் பிசகிவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியதும், சவரிமுத்து அவளைச் சுவரோரம் நிற்க வைத்தார். எக்காமல், பானையை எடுக்கிற மாதிரி கையைத் தூக்கச் சொல்லி, உள்ளங்கை நின்ற இடத்தை ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டுக்கொண்டார்.

நமக்கு வீடு கட்டப் போகிறார் என்று அவள் பூரித்துப் போனாள். மறுநாள் குச்சியோடு வேலைக்குப் போனவர், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எழும்பியது கோதைநாயகியின் வீடு!

கூட்டம் முடிந்ததும் பெண்கள் சமையலறைப் பக்கம் கூடினார்கள். காப்பி கலந்துகொண்டிருந்த விடுதிச் சமையல்காரி ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். ‘ணங்’கென்று கல் தட்டில் தலை இடித்தது.

“பாத்தேளா! எங்காத்திலயும் இதே கூத்துதான்” என்றாள் கோதைநாயகி.

“எங்க வீட்ல மட்டும் என்னவாம்?” என்றாள், சவரிமுத்து கட்டிய இன்னொரு வீட்டில் இருக்கும் ஷரபுன்னிசா. “நெத்தியிலே ஒரு வீக்கம் அமுங்கறதுக்குள்ளே அடுத்தது வந்துடுது!”

“ஏன் சார் இவ்வளவு தாழ்வா வெக்கறேள்னு நான் அப்பவே கேட்டேன்” என்றாள் கோதைநாயகி. “மத்த எல்லாத்துக்கும் தலையாட்டற மனுஷர், இதுல மட்டும் பிடிவாதம். ‘சமையல்கட்டுன்னா இந்த உயரம்தாம்மா. இதுக்கு மேலே வெச்சா முக்காலி போட்டு ஏறணும். விழுந்தா கால் பிசகிடும்’னார். நான் இருக்கற உயரத்துக்கு எனக்கெதுக்கு முக்காலி? கையிலே ஒரு மூங்கில் குச்சி வேறே. தட்டு அந்தக் குச்சிக் கோட்டுக்கு ஒரு விரல்கடைகூட மேலே போகாது!”

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியமேரி மட்டும் அந்தத் தட்டுக்குக் கீழே போய் நின்றாள்.

“ரெங்கம்மா, சர்க்கரை டப்பா எங்கே?”

“உங்க தலைக்கு மேலதான் இருக்கு. எடுத்துத் தரட்டுங்களா?”

“வேண்டாம். நானே எடுக்கறேன்.”

பாக்கியமேரி கையைத் தூக்கினாள். குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை. டப்பா அவள் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது.

அவள் டப்பாவைப் பிடித்தபடியே நின்றாள்.

“ஏன் இப்படி நிக்கறேள், மேரியம்மா? கஷ்டமா இருந்தா சொல்லிடுங்கோ, தட்டு அப்படியே இருக்கட்டும்.”

பாக்கியமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“தாராளமா இடிச்சுக்கோங்க, கோதையம்மா. ஊர்ல உள்ள பொம்பளைங்க எல்லாரும் என் உயரத்துக்குக் குனியணும்னு என்ன தலையெழுத்து?”